கழட்டி கியரைக் கழற்றிய வெள்ளிக்கிழமை

என் தங்கை மகனுக்குப் பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று இருக்கிறது. அதைச் சம்பளப் பட்டியலிலும் அவன் கல்யாணப் பத்திரிகையிலும் மட்டும்தான் பார்க்கலாம். மற்றபடி எல்லோருக்கும் அவன் கழட்டி.

நாலு வயதில் அலாரம் கடிகாரத்தைக் கழற்றினான். ஏழு வயதில் பள்ளிக்கூட மணியின் நாக்கைக் கழற்றிக் கால்சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டான். அன்று மணி அடிக்காததால் முதல் பாடவேளையே மதியம்வரை நடந்தது. கணக்கு வாத்தியார் தொண்டை கட்டிப்போய் மூன்று நாள் விடுப்பில் போனார். பல் வைத்தியரிடம் கூட்டிப் போனால், அவர் "ஆ காட்டு" என்று சொல்வதற்குள் நாற்காலியின் கைப்பிடி இவன் கையில் இருந்தது. நான் கூட்டிச் சொல்கிறேன் என்று என் தங்கை எப்போதும் குறைப்பட்டுக்கொள்வாள். உண்மையில் குறைத்துத்தான் சொல்கிறேன். கல்யாணத்தன்று மண்டபத்து மின்விசிறி கிறீச்சிட்டதைக் கேட்டுவிட்டு மாப்பிள்ளைக் கோலத்தோடு ஏணியில் ஏறினானே, அதற்கு அத்தாட்சி இருக்கிறது. கல்யாண ஆல்பத்தில் பாதிப் படங்களில் மாப்பிள்ளையின் பாதங்கள் மட்டும்தான் தெரியும்.

கெட்ட எண்ணம் துளியும் கிடையாது. அவனுக்கு இருப்புக் கொள்ளாது, அவ்வளவுதான். நின்றுகொண்டே சாப்பிடுவான். உட்கார்ந்தால் முழங்கால் தையல் மெஷின் மாதிரி ஓடும். காலையில் அவன் கண் விழிப்பதற்கு முன்பே அவன் கைகள் விழித்துக்கொண்டு போர்வையில் எதையோ திருகிக்கொண்டிருக்கும்.

இப்படிப்பட்டவன் எங்கே போய் வேலைக்குச் சேர்வான்? கார் ஒர்க்‌ஷாப்பில்தான். கியர்பாக்ஸ் வேலையில் அவனை அடித்துக்கொள்ள ஆளில்லை. ஆனால் பிரேக் பார்க்க வந்த வண்டியின் கதவைக் கழற்றி வைத்துவிட்டு, "கீல்ல கொஞ்சம் சத்தம் இருந்துச்சு சார்" என்று இரண்டு தடவை சொன்ன பிறகு, முதலாளி ஒரு சட்டம் போட்டார். வண்டிக்கு வண்டி ஓர் அட்டை. அட்டையில் எழுதியிருப்பதை மட்டும்தான் தொடலாம்.

அந்தச் சட்டத்தை அவன் பெண்டாட்டி, எங்கள் மருமகள், வீட்டுக்கும் கொண்டுவந்தாள். ஃப்ரிட்ஜ் கதவில் ஒரு தாள் ஒட்டியிருக்கும். மேலே ‘கழட்டலாம்’ என்று தலைப்பு. கீழே அந்த வாரத்துக்கு அவள் மனமிரங்கி எழுதியது: இஸ்திரிப் பெட்டி, குளியலறைக் குழாய், பழைய டார்ச். தாளில் இல்லாத எதையும் அவன் தொடக்கூடாது. பதினாறு வருஷக் குடித்தனம் இந்தத் தாளின் மேல்தான் ஓடிக்கொண்டிருந்தது.

மருமகளைப் பற்றியும் சொல்ல வேண்டும். மருந்துக் கம்பெனியில் பதினான்கு வருஷமாகப் பாட்டிலுக்கு மூடி போட்டு, அட்டைப்பெட்டி மடிக்கிற வேலை. ஜன்னல் இல்லாத கூடம். ஒரு நாளைக்கு இரண்டாயிரம் பெட்டி. "கனவுலகூட நாலு பக்கமும் மடிச்சுத்தான் பாக்கறேன் பெரியம்மா" என்பாள் என்னிடம். சலவை நிலையம் ஒன்றில் விடுதிகளுக்குத் துணி எடுத்துப் போக வேன் ஓட்ட ஆள் தேடுகிறார்கள் என்று கேள்விப்பட்டபோது, முதல் ஆளாகப் போய் நின்றாள். மேலாளருக்கு அவளைப் பிடித்துப்போயிற்று. ஒரே ஒரு நிபந்தனை: வெள்ளிக்கிழமைக்குள் லைசென்ஸ் டெஸ்ட்டில் பாஸான தாள் வேண்டும். இல்லையென்றால் வரிசையில் அடுத்து நிற்கிற ஆளுக்கு வேலை.

அவள் ஏற்கெனவே இரண்டு முறை டெஸ்ட்டில் தோற்றிருந்தாள். முதல் முறை வண்டி நான்கு தடவை நின்றது. இரண்டாம் முறை நிற்கவில்லை. ஆனால் முதல் கியரிலேயே ஊர்வலம் போனாள். மூன்றாவது தடவையும் தோற்றால் ஆறு மாதம் காத்திருக்க வேண்டும் என்பது விதி. அந்த மூன்றாவது தடவை, மேலாளர் சொன்ன அதே வெள்ளிக்கிழமை, காலை பத்து மணிக்கு.

வெள்ளிக்கிழமை ஐந்து இருபதுக்குக் கழட்டியின் கைகள் விழித்துக்கொண்டன.

முந்தின நாள் இவன் அவளுக்கு ஓட்டக் கற்றுக்கொடுத்தபோது, வண்டி மேடு பள்ளத்தில் ஏறி இறங்கும்போதெல்லாம் கியர்ப் பக்கத்திலிருந்து ‘கட கட’ என்று ஒரு சத்தம். மருமகள் அதைக் கவனிக்கவே இல்லை. இவனுக்கோ அது காதுக்குள் குடியேறிவிட்டது. டெஸ்ட் எடுக்கிற அதிகாரி அந்தச் சத்தத்தைக் கேட்டு முகம் சுளித்தால்? கியரே கையோடு வந்துவிட்டால்? படுக்கையில் புரண்டான், எழுந்தான், தண்ணீர் குடித்தான், ஃப்ரிட்ஜ் தாளைப் படித்தான். ‘இஸ்திரிப் பெட்டி’ என்று மட்டும் இருந்தது. இன்னொரு முறை படித்தான். கார் இருக்கிறதா என்று தாளின் பின்பக்கத்தையும் தூக்கிப் பார்த்தான்.

கழற்றப் போவதில்லை, பார்க்கத்தான் போகிறோம் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு சாவியை எடுத்தான்.

வாசலில் நின்ற கார் பதினைந்து வயதானது. இவனே வாங்கி, இவனே உயிர் கொடுத்தது. உள்ளே உட்கார்ந்து கியர்க் குமிழைப் பிடித்து ஆட்டினான். சத்தம் இல்லை. குமிழைத் திருகி எடுத்தான். அது கழற்றுவதாகாது, பேனா மூடியைக்கூடத்தான் திறக்கிறோம். குமிழ் வந்த பிறகு அடியில் இருக்கும் தோலுறையைத் தூக்கிப் பார்க்காமல் இருக்க முடியுமா? தூக்கினான். உள்ளே இருட்டாக இருந்தது. இருட்டாக இருந்தால் என்ன தெரியும்? இரண்டு இருக்கைகளுக்கும் நடுவே இருக்கும் பிளாஸ்டிக் பெட்டிக்கு ஆறு ஸ்க்ரூ. ஆறும் வந்தன. இப்போது கியர் லீவர் முழு உருவத்தோடு நின்றது. அதன் கால்மாட்டில் நான்கு நட்டு. நான்கையும் எடுத்தால்தான் அடிப்பக்கம் தெரியும். எடுத்தான்.

மிச்சம் இருந்தது இரண்டு கேபிள். ஒன்று கியரை இடவலமாக நகர்த்தும், மற்றது முன்னும் பின்னும் தள்ளும். இரண்டின் முனையிலும் குண்டூசித் தலையைப் பிடிக்கிற விரல்கள் போல, லீவரைக் கவ்விக்கொண்டிருக்கும் சின்ன பிளாஸ்டிக் வளையம்; புஷ் என்பார்கள். முதல் கேபிள் ஸ்க்ரூடிரைவர் பட்டதும் சொன்னபடி வந்தது. இரண்டாவது அசையவில்லை. விடிகாலைக் குளிர், பதினைந்து வயதுப் பிளாஸ்டிக். அவனுக்குப் பொறுக்கவில்லை. நெம்பினான்.

டக்.

கையில் வந்த பாதிப் புஷ்ஷைப் பார்த்தான். மற்ற பாதி நமுத்துப்போகாத பிஸ்கட் மாதிரி தூளாகி உள்ளே விழுந்திருந்தது. அது இல்லாமல் லீவரை எத்தனை ஆட்டினாலும் கியர் விழாது. கார் இனி ஓர் அலமாரி. கதவு திறக்கும், உள்ளே உட்காரலாம்.

மருமகள் ஆறேகாலுக்கு எழுந்து வந்தபோது சாப்பாட்டு மேஜையில் விரித்த செய்தித்தாளின் மேல் கியர் லீவர் கிடந்தது. பக்கத்தில் நான்கு நட்டும் ஆறு ஸ்க்ரூவும் வரிசையாக. கழட்டி அந்த மேஜையைச் சுற்றி எத்தனையாவது தடவையோ நடந்துகொண்டிருந்தான்.

"என்னங்க இது?"

"கியர் லீவர்."

"அது தெரியுது. இங்க எதுக்கு வந்துச்சு?"

"பாக்கலாம்னு..."

"பாத்தாச்சா?"

"பாத்தாச்சு."

"எப்படி இருக்கு?"

"நல்லா இருக்கு. ஒரு குறையும் இல்ல."

"சந்தோஷம். மாட்டிடுங்க."

"அதுல ஒரு சின்ன விஷயம்," என்று ஆரம்பித்து, பாதிப் புஷ்ஷை உள்ளங்கையில் வைத்து நீட்டினான்.

அவள் திட்டியிருந்தால் அவனுக்கு வயிறு நிறைந்திருக்கும். அவள் திட்டவில்லை. உட்கார்ந்து அந்தத் துண்டையே சிறிது நேரம் பார்த்தாள். பிறகு சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள்.

"பத்து மணிக்கு நான் இந்த வண்டியில உக்காந்து டெஸ்ட் குடுக்கணும். அதுல கியர் இருக்கணும். வேற ஒரு வார்த்தையும் எங்கிட்டப் பேசாதீங்க."

இன்னொருவர் காரைக் கேட்டு வாங்கிப் போகலாமே என்று நீங்கள் நினைப்பீர்கள். விண்ணப்பத்தில் எழுதிக்கொடுத்தது இந்தக் காரின் எண். வண்டி மாறினால் தேதியும் மாறும். உதிரிபாகக் கடை பத்து மணிக்குத்தான் திறக்கும்; திறந்தாலும் புஷ்ஷைத் தனியாகத் தரமாட்டார்கள், முழுக் கேபிளும் வரவழைக்க இரண்டு நாளாகும். கம்பி சுற்றிக் கட்டிப் பார்த்தான். மூன்றாவது ஆட்டத்தில் நழுவியது. ரப்பர் வைத்துப் பார்த்தான். அது முதல் ஆட்டத்திலேயே. மணி ஏழே கால். வாசலுக்கும் மேஜைக்கும் நடந்து நடந்து செருப்பு தேய்ந்தது.

அப்போதுதான் நிதானத்தின் ஞாபகம் வந்தது.

நிதானம் என்பவர் ஊர் எல்லையில் பழைய கார்களை வாங்கிப் பிரித்து விற்கிறவர். அவர் பெயரையும் யாரும் சொல்வதில்லை. ஒரு நாள் அவர் கொட்டகையில் தீப்பிடித்தபோது, "இந்த டீய முடிச்சிட்டு வர்றேன்" என்றாராம். அவருடைய கிடங்கில் இதே மாடல் கார் ஒன்று கிடப்பதைக் கழட்டி போன மாதம் பார்த்திருந்தான். டெஸ்ட் மைதானமும் அங்கிருந்து பத்து நிமிடம்தான். ஆனால் பஸ் பிடித்துப் போய் வாங்கி வந்து மாட்ட நேரமில்லை. காரே அங்கே போயாக வேண்டும்.

"வண்டியில கியரே இல்ல, எப்படிப் போகும்?" என்றாள் மருமகள்.

"கியர் இருக்கு. லீவர்தான் இல்ல. பானெட்டத் தொறந்து கையால ரெண்டாவது கியர்ல போட்டு விட்டுடலாம். அப்புறம் அங்க போற வரைக்கும் ரெண்டாவதுதான். நிக்கறப்ப கிளட்ச்ச விடாம மிதிச்சுக்கிட்டே இருக்கணும். நான் ஓட்டறேன்."

"நடுவுல ஏதாவது ஆச்சுன்னா பானெட்டத் தொறக்கறது யாரு?"

அவன் யோசித்தான்.

"எனக்கு அது தெரியாது. அதனால நீங்க பக்கத்துல உக்காருங்க. நான் ஓட்டறேன்," என்றாள்.

ஏழு நாற்பதுக்குப் புறப்பட்டார்கள். கியர் இருந்த இடத்தில் ஒரு பள்ளம். அதிலிருந்து எஞ்சின் சூடும் ரோட்டுச் சத்தமும் ஏறிக்கொண்டிருந்தன. லீவர், கைக்குழந்தை மாதிரி துண்டில் சுற்றி, கழட்டியின் மடியில். இரண்டாவது கியரில் புறப்படும்போது வண்டி ஒரு முறை விக்கியது, அவள் கிளட்ச்சை மெல்ல மெல்ல விட்டாள், நகர்ந்தது.

ரொட்டிக் கடை முனை வந்தது. கழட்டியின் வலது கை தானாக எழுந்து, பள்ளத்துக்கு மேலே காற்றைப் பிடித்து, பின்னுக்கு இழுத்தது. பள்ளிக்கூடத்துக்கு முன்னால் மறுபடி எழுந்து, காற்றை முன்னுக்குத் தள்ளியது. கையை மடிக்கு இழுத்துக்கொண்டான். அடுத்த திருப்பத்தில் மறுபடி போயிற்று.

சிக்னலில் சிவப்பு விழுந்தது. அவள் கிளட்ச்சை மிதித்துக்கொண்டு நின்றாள். பின்னால் ஒரு லாரி ஹாரன் அடித்தது.

"பிரேக்கு, பிரேக்கு," என்றான் இவன்.

"பிரேக்குலதான் இருக்கேன்."

"பச்சை விழுந்ததும் ஒரேயடியா விட்டுடாத."

"நீங்க வாய மூடுங்க. காலு எனக்குத்தான நடுங்குது, உங்களுக்கா?"

பச்சை விழுந்தது. வண்டி நிற்கவில்லை. பாலத்தில் ஏறும்போது, எந்தச் சத்தத்துக்காக இவ்வளவும் நடந்ததோ அந்தச் சத்தம் கேட்டது. கட கட.

மறுபடி, கட கட.

"லீவரு உங்க மடியில இருக்கு," என்றாள் மருமகள், ரோட்டிலிருந்து கண்ணை எடுக்காமல். "இப்ப சத்தம் எங்கேருந்து வருது?"

அவன் குனிந்து இருக்கைக்கு அடியில் துழாவினான். போன வாரம் அவனே வைத்து மறந்த ஸ்க்ரூ டப்பா. எடுத்து மடியில் லீவருக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டான். சத்தம் நின்றது.

மருமகளுக்குச் சிரிப்பு வந்தது. அடக்கினாள், முடியவில்லை. சிரித்துக்கொண்டே மாட்டு வண்டி மாதிரி மெதுவாகப் போன மூன்று சக்கர டெம்போவைத் தாண்டினாள். தாண்டிய பிறகுதான் அவளுக்கே உறைத்தது. இதற்கு முன் அவள் எதையும் தாண்டியதில்லை.

"என்னங்க, ஒண்ணு கேக்கட்டுமா? அரை மணி நேரமா ஓட்டறேன். வண்டி ஒரு தடவைகூட நிக்கல. ஏன் தெரியுமா?"

"ரெண்டாவது கியர்ல..."

"இன்னிக்குத்தான் என் கை மேல உங்க கை இல்ல."

"நான் எப்ப உன் கை மேல கை வச்சேன்?"

"எப்ப எடுத்தீங்க?"

அவள் சொன்னது அவனுக்குப் புதிது, எனக்குப் புதிதல்ல. அவர்கள் காரில் பின்னால் உட்கார்ந்து இரண்டு தடவை போயிருக்கிறேன். மருமகள் கையைக் கியரில் வைப்பாள். அவள் முடிவு செய்வதற்குள் இவன் கை வந்து அவள் கையோடு சேர்த்துக் கியரை மாற்றிவிடும். மாற்றியது அவனுக்கே தெரியாது. நாற்பது நாள் பயிற்சி என்று பேர். நாற்பது நாளில் அவள் ஒரு கியரைக்கூடத் தனியாக மாற்றியதில்லை. டெஸ்ட் நாளில் பக்கத்து இருக்கையில் வேறொருவர் உட்கார்ந்ததும், அவள் கை அந்த இன்னொரு கைக்காகக் காத்திருந்து காத்திருந்து தோற்றது.

"சொல்லியிருக்கலாமே," என்றான் கடைசியில்.

"எனக்கே இப்பத்தான் தெரியுது."

கிடங்குக்குப் போனபோது எட்டே கால். நிதானம் முக்காலியில் உட்கார்ந்திருந்தார். முன்னால் மண்ணெண்ணெய் அடுப்பு, அதன் மேல் கெட்டில்.

"வாப்பா கழட்டி. வாம்மா தங்கச்சி. உக்காருங்க. டீ போடறேன்."

"அண்ணே, உக்கார நேரமில்ல. பத்து மணிக்கு டெஸ்ட்டு. இந்த மாடல் ஒண்ணு கெடந்துச்சே, எங்கண்ணே?"

"கெடக்குது, கெடக்குது. அது எங்க போகப் போகுது? சக்கரமா இருக்கு ஓடறதுக்கு?"

மூன்றாவது வரிசையில் கிடந்தது. கதவுகள் இல்லை, தரையைப் பிளந்துகொண்டு புல் முளைத்திருந்தது. கழட்டி உள்ளே பாய்ந்தான். குமிழ், உறை, பெட்டி, நட்டு. காலையில் ஒரு மணி நேரம் எடுத்ததை ஏழு நிமிடத்தில் முடித்தான். கேபிள் முனையில் புஷ் முழுசாக இருந்தது. ஸ்க்ரூடிரைவரை அடியில் கொடுத்து—

"நில்லுங்க," என்றாள் மருமகள்.

"என்ன?"

"அது எத்தனை இருக்கு?"

"ஒண்ணு."

"காலையில ஒடைச்சீங்களே, அதுவும் இதே வயசுதான?"

ஸ்க்ரூடிரைவர் அந்தரத்தில் நின்றது.

"எங்க கம்பெனியில குளிர் நாள்ல பிளாஸ்டிக் மூடிய அப்படியே அமுக்கினா விரிசல் விட்டுடும். வெந்நீர்ல போட்டு வச்சு, இளகினப்புறம்தான் மாட்டுவோம். நூறு எண்ணணும். எண்ணாம எடுத்தா பாதி மூடி குப்பைக்குத்தான்." திரும்பி, "அண்ணே, அந்தக் கெட்டில கொஞ்சம் குடுங்க," என்றாள்.

"டீக்குத் தண்ணியாச்சே," என்றார் நிதானம். ஆனாலும் கொண்டுவந்தார்.

அவள் ஒரு பழந்துணியைக் கேபிள் முனையில் சுற்றி, வெந்நீரைச் சன்னமாக ஊற்றினாள். கழட்டி எண்ணத் தொடங்கினான். "ஒண்ணு ரெண்டு மூணு நாலஞ்சு ஆறேழு எட்டொம்பது..."

"இது எண்ற மாதிரி இல்ல, சில்லறை கொட்டின மாதிரி இருக்கு. முதல்லேருந்து," என்றாள்.

இரண்டாம் தடவை முப்பதிலிருந்து நேராக ஐம்பதுக்குத் தாவினான். அவளுக்குக் கணக்கு நன்றாகத் தெரியும். துணியை மாற்றி மறுபடி ஊற்றினாள்.

"நான் எண்றேன்," என்று முன்வந்தார் நிதானம். மருமகள் தலையாட்டினாள். அவர் தொண்டையைச் செருமிக்கொண்டு ஆரம்பித்தார். ஒன்றுக்கும் இரண்டுக்கும் நடுவில் ஓர் ஆள் படுத்து எழுந்திருக்கலாம். முப்பத்தேழு வந்தபோது, "முப்பத்தேழு வயசுலதான் எங்கப்பா கண்ணாடி போட்டாரு," என்று அந்தக் கதையைச் சொன்னார். பிறகு முப்பத்தெட்டுக்கு வந்தார். கழட்டி இரண்டு கையையும் அக்குளுக்குள் கொடுத்துக்கொண்டு, ஒற்றைக் காலில் மாறி மாறி நின்றான். நெற்றியில் வேர்வை. எழுபதில் வெளியே ஓடிப்போய் கிடங்கை ஒரு சுற்றுச் சுற்றி வந்தான். வந்தபோது எழுபத்திரண்டு.

நூறு முடிந்ததும், "இப்ப எடுங்க. நெம்பாதீங்க. சும்மா இழுங்க," என்றாள்.

இழுத்தான். பழுத்த பழம் காம்பை விட்டு வருகிற மாதிரி வந்தது.

தங்கள் காரின் கேபிளில் அதை அமுக்குவதற்கும் அதே வெந்நீர்; இந்தத் தடவை எண்ணிக்கையை அவளே வைத்துக்கொண்டாள். பிறகு லீவரை இறக்கி, நான்கு நட்டை முடுக்கி, பெட்டியை மூடி, குமிழைத் திருகினான். முதல், இரண்டு, மூன்று, நான்கு, ஐந்து, ரிவர்ஸ். எல்லாம் விழுந்தன. மணி ஒன்பது இருபது. நிதானம் கெட்டிலில் புதுத் தண்ணீர் ஊற்றினார்.

"டீ?"

"பாஸானா வர்றேன் அண்ணே," என்றாள் மருமகள்.

கிடங்குக்குப் பக்கத்தில் நேரான மண் சந்து ஒன்று. அதில் ஓட்டிப் பார்க்க இருபது நிமிடம் இருந்தது. அவள் கதவைச் சாத்திவிட்டு அவனைப் பார்த்தாள்.

"கைய எங்க வைப்பீங்க?"

"மடியில."

"மடியில வச்சா வந்துடும். தொடைக்கு அடியில வச்சு அது மேல உக்காருங்க."

உட்கார்ந்தான். அவள் முதல் கியரில் எடுத்தாள். இரண்டுக்குப் போகும்போது நறநறவென்று பற்கள் கடித்தன. அந்தச் சத்தம் அவன் முதுகுத்தண்டில் ஏறி இறங்கியது. ஆனால் கை தொடைக்கு அடியில் இருந்தது. மறுபடி. இந்தத் தடவை வண்டி நின்றேவிட்டது. அவன் ஏதோ சொல்ல வாயெடுத்தான்.

"வாய்க்கும் அடியில ஏதாவது வைக்கணுமா?"

மூன்றாவது தடவை கடித்தது குறைந்தது. ஐந்தாவது தடவை கடிக்கவில்லை. ஆறாவது தடவை இரண்டிலிருந்து மூன்றுக்குப் போனது அவனுக்கே கேட்கவில்லை. எட்டாவது தடவை மறுபடி கடித்தது. அதற்கு மேல் நேரமில்லை.

டெஸ்ட் எடுக்கும் அதிகாரி காதில் பென்சில் செருகிய ஒல்லி மனிதர். பழைய தாளைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். "மூணாவது தடவையா அம்மா?"

"ஆமா சார்."

"ஏறுங்க."

கழட்டி மைதானத்து மதிலோரம் ஒதுங்கினான். அவன் கண் முன்னால் கார் கம்பங்களுக்கு நடுவே வளைந்தது, பின்னால் வந்து கோட்டுக்குள் நின்றது. அதுவரை சரி. அதன் பிறகு வாசலைத் தாண்டி ரோட்டுக்குப் போய்விட்டது. மதிலுக்கு அந்தப்புறம் என்ன நடக்கிறது என்று கேட்க மட்டும்தான் முடியும்.

எஞ்சின் சத்தம் ஏறியது. இப்ப மாத்து, என்றது அவன் உடம்பு முழுவதும். மாற்றவில்லை. இன்னும் ஏறியது. அவன் இடது கால் மண்ணை மிதித்தது. வலது கை மதிலில் துருத்திக்கொண்டிருந்த செங்கல்லைப் பிடித்தது. பிறகு மாறியது, சுத்தமாக. மூன்றாவது கியரும் அப்படித்தான், கொஞ்சம் தாமதமாக, ஆனால் கடிக்காமல். அப்புறம் சத்தம் மேட்டுப் பக்கம் போயிற்று.

மேட்டில் எஞ்சின் நின்றது.

பக்கத்தில் காத்துக்கொண்டிருந்த ஒருவர், "நின்னுடுச்சு போல," என்றார்.

"ம்."

"உங்க வண்டியா?"

"எங்க வீட்டம்மா."

அவன் வாசலை நோக்கி நான்கு அடி வைத்தான். அதற்கு மேல் எதற்கு என்று அவனுக்கே தெரியவில்லை. ஓடிப்போய் என்ன செய்வது? பானெட்டைத் திறப்பதா? திரும்பி வந்தான். மறுபடி போனான். செங்கல் கையோடு வந்துவிட்டிருந்தது. அதை வைத்த இடத்தில் வைக்கப் பார்த்தான், பொருந்தவில்லை, திருப்பிப் பார்த்தான். அப்போது தூரத்தில் ஸ்டார்ட்டர் ஒரு முறை இழுக்க, எஞ்சின் பிடித்து, மேட்டில் ஏறுகிற சத்தம் கேட்டது. நிற்கவில்லை. மெதுவாக, நின்றுவிடுமோ என்று பயமுறுத்திக்கொண்டே, ஏறிவிட்டது.

கார் திரும்பி வந்ததும் அதிகாரி உள்ளே உட்கார்ந்தபடியே நெடுநேரம் எழுதினார். கழட்டி ஜன்னலோரம் வந்து நின்றான்.

"மேட்டுல ஒரு தடவை நின்னுச்சு," என்றார் அதிகாரி.

"ஆமா சார்."

"கியர லேட்டா மாத்தறீங்க."

"ஆமா சார்."

"மாத்தறீங்கல்ல, அது போதும். போன தடவை ரோட்டையே பாக்கல நீங்க. பக்கத்து சீட்டையே பாத்துக்கிட்டு இருந்தீங்க. நான் என் சட்டையில ஏதாவது ஒட்டியிருக்கான்னு பாத்தேன்." தாளைக் கிழித்து நீட்டினார். "பாஸ்."

மருமகள் அதை வாங்கி இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். அதிகாரி இறங்கிப் போன பிறகும் பிடித்தபடியே இருந்தாள். கழட்டி கேட்டு வாங்கி, படித்து, திருப்பி, மறுபடி படித்தான். பிறகு தாளின் மூலையில் அடித்திருந்த பின்னை நகத்தால் நெம்பத் தொடங்கினான். அவள் பிடுங்கிப் பையில் வைத்துக்கொண்டாள்.

சலவை நிலையத்துக்குப் போகிற வழியில்தான் அவன் ஒர்க்‌ஷாப். வாசலில் ஓரமாக நிறுத்தினாள். எஞ்சினை அணைக்கவில்லை.

"எறங்குங்க."

"நீ தனியாவா போற?"

"வேன்ல தெனமும் நீங்க வருவீங்களா?"

இறங்கினான். கதவைச் சாத்திவிட்டு, ஜன்னல் வழியாக, "அந்தத் திருப்பத்துல..." என்றான். அவள் கையைக் கியரில் வைத்தாள். அவன் மேற்கொண்டு சொல்லவில்லை. கார் நகர்ந்தது.

ஒர்க்‌ஷாப் முதலாளி வெளியே வந்து பார்த்தபோது, இவன் நடைபாதை விளிம்பில் தலையைச் சாய்த்து, ஒரு காதை ரோட்டுக்குக் கொடுத்து நின்றுகொண்டிருந்தான்.

"என்னடா, டெஸ்ட்டு என்னாச்சு?"

"பாஸ்."

"அப்புறம் ஏன் மூஞ்சி இப்படி இருக்கு?"

"மூணுலயே போயிட்டிருக்கா முதலாளி. இந்த ரோட்டுல நாலு போடலாம். போட்ட சத்தமே கேக்கல."

முதலாளி ரோட்டின் கோடி வரைக்கும் பார்த்தார். கார் கண்ணுக்குத் தெரியவில்லை.

"போட்டிருப்பா," என்றார். "உன் காதுக்கு எட்டாத தூரத்துக்குப் போய்ப் போட்டிருப்பா."